எடை குறைப்பு மருந்தும் பயணக் காப்புறுதியும்: பிரித்தானியாவில் வாழ்வோர் எதை, எப்போது, எப்படி அறிவிக்க வேண்டும்?

பிரித்தானியாவில் மவுஞ்சாரோ, வெகோவி போன்ற எடை குறைப்பு ஊசிகளைப் போட்டுக்கொள்வோரில் பலர், அவற்றைத் தங்கள் ஜீபியிடமிருந்து பெறாமல், ஒன்லைன் மருந்தகங்களில் சொந்தப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். ஜீபி எழுதித் தராத மருந்து, நோய்க்காக இல்லாமல் எடைக்காகப் போடும் ஊசி என்ற எண்ணத்தில், பயணக் காப்புறுதி எடுக்கும்போது இதைச் சொல்லத் தேவையில்லை என்று அவர்களில் சிலர் தாங்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, இது நீரிழிவு மருந்து என்று எங்கோ கேள்விப்பட்டதை வைத்து, தங்களுக்கு இல்லாத நீரிழிவை இருப்பதாகக் குறித்து, தேவையில்லாமல் கூடுதல் பிரீமியம் கட்டுகிறார்கள். இரண்டுமே தவறான வழிகள். காப்புறுதி நிறுவனம் கேட்கும் கேள்வியின் சொற்கள் எவை, இந்த மருந்து உங்களுக்கு எந்தக் காரணத்துக்காகத் தரப்பட்டது ஆகிய இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் சரியான பதில் கிடைக்கும்.

யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ சென்னைக்கோ போய்வரும் நம் குடும்பங்களுக்கு இந்த விடயம் கூடுதல் முக்கியத்துவம் உடையது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அரசு மருத்துவச் சிகிச்சைக்குப் பயன்படும் ஜிஎச்ஐசி அட்டை இலங்கையிலும் இந்தியாவிலும் செல்லாது. அந்த இரு நாடுகளுடனும் பிரித்தானியாவுக்குப் பரஸ்பர மருத்துவ உடன்படிக்கை கிடையாது. அங்கே தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால், பணம் காப்புறுதியிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். ஐரோப்பாவுக்குள் போகிறவர்களும் அந்த அட்டையை மட்டும் நம்பியிருக்க முடியாது. நோயாளியை விமானத்தில் திருப்பிக் கொண்டுவரும் செலவை அது ஏற்பதில்லை.

சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது என்ன?

படிகளுக்குள் போவதற்கு முன் சட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் வீணான பயமும் வீணான அலட்சியமும் இதை அறியாததால்தான் வருகின்றன. முற்காலத்தில், 1906-ஆம் ஆண்டின் கடல்சார் காப்புறுதிச் சட்டத்திலிருந்து வந்த விதிப்படி, நிறுவனம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அதன் முடிவைப் பாதிக்கக்கூடிய எல்லாவற்றையும் வாடிக்கையாளர் தாமாகவே முன்வந்து சொல்ல வேண்டியிருந்தது. சாதாரண வாடிக்கையாளர்களைப் பொறுத்தவரை அந்தக் கடமையை நீக்கியது, 2013 ஏப்ரல் 6-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த, 2012-ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டம். இன்று உங்கள் கடமை ஒன்றுதான்: கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மைக்கு மாறான பதில் தராதபடி நியாயமான அக்கறை எடுத்துக்கொள்வது. அந்த அக்கறை போதுமானதா என்று பின்னர் மதிப்பிடும்போது, நிறுவனத்தின் கேள்வி எவ்வளவு தெளிவாகவும் குறிப்பாகவும் இருந்தது என்பதும் கணக்கில் எடுக்கப்படும்.

ஆகவே, கேட்காததைச் சொல்லவில்லை என்பதற்காக உங்களைத் தண்டிக்க முடியாது. ஆனால் தெளிவாகக் கேட்கப்பட்ட ஒன்றுக்கு, இது முக்கியமில்லை என்று நினைத்தேன் என்பது எளிதில் எடுபடும் விளக்கம் ஆகாது. தெளிவான, குறிப்பான கேள்வி ஒன்றை நிறுவனம் கேட்டிருந்தால், அது தங்களுக்கு முக்கியமானது என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்கும் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு வாடிக்கையாளருடையது.

படி 1: இணையதளத்தைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்

காப்புறுதிப் படிவத்தை நிரப்பும்போது நினைவிலிருந்து பதில் சொல்வதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். முதலில் மருந்தின் வணிகப் பெயரையும் அதன் மூலப்பொருளையும் எழுதுங்கள். ஒசெம்பிக், வெகோவி இரண்டிலும் இருப்பது செமாகுளுடைட். ஆனால் ஒசெம்பிக் இங்கே நீரிழிவுக்கு உரிமம் பெற்றது, வெகோவி எடைக்கு. மவுஞ்சாரோவில் இருப்பது டிர்செபடைட். அது இரண்டு தேவைகளுக்கும் ஒரே பெயரில் வருகிறது. லிராகுளுடைட் அடங்கிய சக்சென்டா நாள்தோறும் போடும் ஊசி. செனிக்கல் என்ற பெயரில் மருந்துச் சீட்டிலும், குறைந்த அளவில் ஆலி என்ற பெயரில் சீட்டில்லாமலும் கிடைக்கும் ஒர்லிஸ்டாட் குளிகை. மைசிம்பா மாத்திரை. பெயரை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது என்பதால், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது உங்களுக்கு எதற்காகத் தரப்பட்டது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்: எடை மட்டுமா, இரண்டாம் வகை நீரிழிவா, இரண்டுமா?

அடுத்து, தொடங்கிய தேதி, இப்போதைய அளவு, கடைசியாக அளவு மாறிய தேதி. இந்த மூன்றாவது விவரத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. மவுஞ்சாரோ 2.5 மில்லிகிராமில் தொடங்கி, குறைந்தது 4 வாரம் கழித்து 5 மில்லிகிராமுக்குப் போய், தேவைப்பட்டால் 15 வரை படிப்படியாக ஏற்றப்படும் மருந்து, வெகோவியும் 0.25 மில்லிகிராமில் தொடங்கி அதேபோல ஏற்றப்படுகிறது. “கடந்த 6 மாதத்தில் உங்கள் மருந்தின் அளவு மாற்றப்பட்டதா?” என்று படிவம் கேட்டால், இந்த ஊசி போடும் ஒருவரின் உண்மையான பதில் பெரும்பாலும் “ஆம்” என்பதாகவே இருக்கும். நோய் முற்றியதால் அளவு கூட்டப்பட்டது வேறு, தொடக்கத்திலேயே வகுத்த திட்டப்படி ஏற்றப்பட்டது வேறு. எனினும் அந்த வேறுபாட்டை மனத்துக்குள் வைத்துக்கொண்டு “இல்லை” என்று குறிக்கக் கூடாது; “ஆம்” என்று குறித்துவிட்டு, விளக்கத்தை நிறுவனத்திடம் சொல்ல வேண்டும்.

பிறகு, உங்கள் மற்ற நோய்கள். உண்மையில் பிரீமியத்தையும் இழப்பீட்டையும் தீர்மானிப்பவை பெரும்பாலும் இவைதாம். பிறசர், சுகர், கொலஸ்ட்ரோல் என்று வீட்டில் சாதாரணமாகப் பேசிக்கொள்பவை, உறக்கத்தில் மூச்சுத்தடை, கொழுப்புக் கல்லீரல், சூலகத்தில் நீர்க்கட்டிகள், முன்பு எப்போதாவது வந்த பித்தப்பைக் கல், கணைய அழற்சி ஆகிய ஒவ்வொன்றையும் எழுதுங்கள். என்எச்எஸ் செயலியில் உங்கள் மருத்துவப் பதிவைத் திறந்து பாருங்கள். இரத்தப் பரிசோதனை ஒன்றுக்குப் பிறகு நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று பதிவாகியிருப்பதை நீங்கள் மறந்தே போயிருக்கலாம். நாளைக்கு இழப்பீட்டுக் கோரிக்கை வரும்போது நிறுவனம் பார்க்கப்போவது அந்தப் பதிவைத்தான். உங்கள் நினைவை யாரும் பார்ப்பதில்லை.

என்எச்எஸ் மூலமாக ஜீபியிடம் மவுஞ்சாரோ பெறுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2025 ஜூனில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் முதற்கட்டத்தில், பிஎம்ஐ (உயரத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கும் எடை அளவு) 40 அல்லது அதற்கு மேல் இருப்பதோடு, இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயக் குருதிக்குழாய் நோய், உறக்க மூச்சுத்தடை, இரத்தக் கொழுப்புக் கோளாறு ஆகிய ஐந்தில் குறைந்தது நான்கு இருப்பவர்களுக்குத்தான் மருந்து தரப்பட்டது. தெற்காசியர் உள்ளிட்ட சில இனத்தவருக்குப் பிஎம்ஐ எல்லை 37.5 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. அந்த வழியில் மருந்து பெற்ற ஒருவர் வேறு நோய் எதுவும் இல்லை என்று படிவத்தில் குறித்தால், அவருக்கு மருந்து கிடைத்த காரணமே அந்தப் பதிலை மறுத்துவிடும்.

கடைசியாக உங்கள் உயரத்தையும் இன்றைய எடையையும் அளந்து எழுதுங்கள். பிஎம்ஐ கேட்கும் நிறுவனங்கள் உண்டு. மருந்து தொடங்கியபோது இருந்த எடையையோ, அடுத்த மாதம் எட்டுவோம் என்று நம்பும் எடையையோ தரக் கூடாது.

படி 2: கேள்வியைச் சொல் சொல்லாக வாசியுங்கள்

எல்லா நிறுவனங்களும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. ஒரே ஆள், ஒரே மருந்து, ஆனால் மூன்று நிறுவனங்களில் மூன்று வேறு பதில்கள் சரியாக இருக்கலாம். 38 வயதான ஒருவர், வேறு நோய் எதுவும் இல்லாதவர், ஒன்லைன் மருந்தகத்தின் சீட்டில் 5 மாதமாக வெகோவி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது நிறுவனம், “கடந்த 2 ஆண்டுகளில் ஏதேனும் உடல்நிலைக்காக உங்களுக்கு மருந்து பரிந்துரைக்கப்பட்டதா, சிகிச்சை அளிக்கப்பட்டதா?” என்று கேட்கிறது. அவருடைய பதில் “ஆம்”. ஒன்லைன் மருந்தகத்தில் சீட்டு எழுதுகிறவரும் சட்டப்படி தகுதி பெற்றவரே. காசு கொடுத்து வாங்கிய சீட்டும் சீட்டுத்தான். ஜீபி எழுதினாரா என்று கேள்வி கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உடல் பருமன் ஒரு உடல்நிலையா என்று தர்க்கம் செய்வதும் உதவாது. மருந்துக்கான உரிமமே பருமனுக்கும், எடை தொடர்பான நோயுடன் கூடிய அதிக எடைக்கும்தான் தரப்பட்டிருக்கிறது.

இரண்டாவது நிறுவனம் ஒரு பட்டியலைத் தருகிறது: இதயம், மூச்சு, புற்றுநோய், பக்கவாதம், நீரிழிவு, மனநலம். இவற்றில் ஏதேனும் உண்டா என்று மட்டுமே கேட்கிறது. மருந்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்த இடத்தில் அவர் “இல்லை” என்று சொல்வது உண்மையான பதில்தான். ஆனால் பட்டியலுக்குக் கீழே, சிறிய எழுத்தில், “அல்லது மேற்குறிப்பிடாத எந்த உடல்நிலைக்காகவும் மருந்து எடுக்கிறீர்களா?” என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது. பல படிவங்களில் அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

மூன்றாவது நிறுவனம், பரிசோதனை முடிவுக்கோ சிகிச்சைக்கோ காத்திருக்கிறீர்களா, அண்மையில் மருத்துவரைப் பார்க்க வைத்த அறிகுறி எதுவும் உண்டா என்று கேட்கிறது. ஊசி தொடங்கியபின் வயிற்றுவலிக்காக ஜீபியிடம் போய், அவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தால், மருந்தைப் பற்றிக் கேட்காவிட்டாலும் அந்த ஸ்கேனைச் சொல்லியே ஆக வேண்டும். முடிவு வராத பரிசோதனை இருக்கும்போது, அதனுடன் தொடர்புள்ள எதற்கும் இழப்பீடு இல்லை என்று எழுதிவைக்கும் பொலிசிகள் பல.

கால எல்லையையும் கவனியுங்கள். சில கேள்விகள் 12 மாதம், சில 2 ஆண்டு, சில 5 ஆண்டு; இதய நோய், புற்றுநோய் போன்றவற்றுக்கு “எப்போதாவது” என்றே கேட்பதும் உண்டு. மருந்தை மூன்று மாதத்துக்கு முன் நிறுத்திவிட்டேன் என்பது, கேள்வி 2 ஆண்டைப் பற்றியதாக இருந்தால் பொருட்டல்ல. எடை குறைந்ததால் பிறசர் மாத்திரையை டொக்டர் நிறுத்திவிட்டார் என்ற மகிழ்ச்சியான செய்தியும் அப்படித்தான்: கால எல்லைக்குள் நீங்கள் அந்த மாத்திரையை எடுத்திருந்தால், அதைச் சொல்லிவிட்டு, இப்போது நிறுத்தப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சீட்டில்லாமல் வாங்கும் ஆலி போன்றவற்றுக்கு, “பரிந்துரைக்கப்பட்ட மருந்து” என்று கேள்வி இருந்தால் பதில் “இல்லை”. “ஏதேனும் மருந்து” என்று இருந்தால் “ஆம்”. அழகு நிலையத்திலோ, தெரிந்தவர் மூலமோ, சமூக ஊடகத்திலோ சீட்டின்றி வாங்கிய ஊசியைப் பற்றி இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைக் காப்புறுதிச் சிக்கலாக மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பேனாவுக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, உங்களைக் காப்பாற்ற முயலும் மருத்துவருக்கும் தெரியாது. ரெட்டாட்ருடைட் என்ற எடை ஊசியின் பெயரில் விற்பதை உரிமம் பெற்ற மருந்து என்று நம்பி வாங்காதீர்கள். மருத்துவர் பரிந்துரைக்காத மருந்தால் வரும் பாதிப்புக்கு இழப்பீடு இல்லை என்று சொல்லும் பொலிசிகள் உண்டு. ஆகவே படிவத்தில் உண்மையைச் சொன்னாலும் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

படி 3: மருத்துவக் கேள்விப் பகுதியை நிரப்புதல்

“ஆம்” என்று குறித்தவுடன் ஒரு தேடல் பெட்டி வரும். அதில் நோயின் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும், மருந்தின் பெயரை அன்று. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மவுஞ்சாரோ என்று தட்டச்சு செய்தால் எதுவும் வராமல் போகலாம். உடனே பட்டியலில் அதற்கு நெருக்கமாகத் தோன்றும் நீரிழிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உடல் பருமன் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துத் தேடுங்கள். பெரும்பாலும் அது ஒரு தனி நிலையாக இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தபின் வரும் துணைக்கேள்விகளுக்கு, முன்பு எழுதிவைத்த தாளைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். பருமன் பட்டியலிலேயே இல்லையென்றால் அடுத்த படிக்குப் போங்கள். பொருந்தாத ஒன்றைக் குறிப்பதைவிடத் தொலைபேசியில் பேசுவது நல்லது.

மற்ற நோய்களுக்கான துணைக்கேள்விகளிலும் ஊசி குறுக்கே வரும். “உயர் இரத்த அழுத்தத்துக்கு எத்தனை மருந்து எடுக்கிறீர்கள்?” என்று கேட்டால், அந்த எண்ணிக்கையில் எடை ஊசியைச் சேர்க்கக் கூடாது, அது அதற்காகத் தரப்பட்டதல்ல. நீரிழிவுக்காக மவுஞ்சாரோ போடுகிறவர், “மாத்திரையா, இன்சுலினா, இன்சுலின் அல்லாத ஊசியா?” என்ற கேள்வியில் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊசி என்றாலே இன்சுலின் என்று நினைத்து அதைக் குறித்துவிட்டால், காரணமின்றிப் பிரீமியம் கூடக்கூடும்.

விலை ஒப்பீட்டு இணையதளங்களின் வழியாகப் போகிறவர்கள், அங்கே கொடுத்த விவரங்கள் நிறுவனத்தின் பக்கத்துக்கு வரும்போது அப்படியே வந்திருக்கின்றனவா என்று திரும்பப் பார்க்க வேண்டும். வங்கிக் கணக்குடன் சேர்ந்து வரும் பயணக் காப்புறுதி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு: அங்கே யாரும் உங்களை அழைத்துக் கேள்வி கேட்க மாட்டார்கள். பெரும்பாலான அத்தகைய பொலிசிகளில், முன்பே உள்ள நோய்களைத் தொலைபேசியில் அறிவித்து ஒப்புதல் வாங்கியிருந்தால்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. கணக்கைத் திறந்தபோது வந்த தடித்த கையேட்டில் அந்த நிபந்தனை இருக்கும்.

படி 4: தொலைபேசியில் பேசுவது

சந்தேகம் சிறிதாக இருந்தாலும் பேசுங்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் தயங்குகிறவர்கள் இப்படித் தொடங்கலாம்: “நான் எடை குறைப்பதற்காக மவுஞ்சாரோ ஊசி போடுகிறேன். தனியார் மருந்தகம் ஒன்று சீட்டு எழுதித் தந்தது. மார்ச் மாதம் தொடங்கினேன், இப்போது 7.5 மில்லிகிராம், திட்டப்படி மாதாமாதம் அளவு ஏறுகிறது. எனக்கு நீரிழிவு இல்லை. உயர் இரத்த அழுத்தம் உண்டு, அதற்கு ஒரு மாத்திரை எடுக்கிறேன். இதை உங்கள் படிவத்தில் எங்கே குறிப்பது, பயணத்துக்கு முன் அளவு மீண்டும் ஏறினால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?” இந்த ஒரு பத்தியிலேயே அவர்களுக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது.

பேசி முடிந்ததும், பேசியவரின் பெயர், நாள், நேரம், குறிப்பு எண் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். “இதை அறிவிக்கத் தேவையில்லை” என்று அவர் சொன்னால், அந்த வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பும்படி கேளுங்கள். அனுப்ப மறுத்தால், நீங்களே அன்றைய உரையாடலைச் சுருக்கி எழுதி அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். பொதுவாக இத்தகைய அழைப்புகள் ஒலிப்பதிவு செய்யப்படுகின்றன. அந்த ஒலிப்பதிவின் நகலைத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் கேட்டுப் பெறலாம். சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச முடியாத பெற்றோருக்காகப் பிள்ளைகள் பேசலாம்; அழைப்பின் தொடக்கத்தில், என் சார்பில் இவர் பேசச் சம்மதிக்கிறேன் என்று பெற்றோர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதுமென்று பல நிறுவனங்கள் ஏற்கின்றன.

படி 5: குடும்பப் பொலிசி எடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி

இந்தப் படியை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன், ஏனெனில் நம் வீடுகளில் நடப்பதற்கும் படிவம் எதிர்பார்ப்பதற்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. குடும்பம் முழுவதற்கும் ஒருவர்தான் உட்கார்ந்து காப்புறுதி எடுக்கிறார். எடை ஊசி போடுவதையோ, நம்மில் பலர் வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை, “என்ன, மெலிந்துவிட்டாய்?” என்று கேட்டால், சாப்பாட்டைக் குறைத்தேன், நடக்கிறேன் என்று சொல்லிவிடுகிறோம். கல்யாண வீட்டில் நான்கு பேர் பேசுவார்களே என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த அச்சம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் கணவருக்குத் தெரியாமல் மனைவியோ, மகளுக்குத் தெரியாமல் தாயோ போடும் ஊசி, மற்றவர் நிரப்பும் படிவத்தில் “இல்லை” என்று பதிவாகிறது; பாதிக்கப்படப்போவது ஊசி போட்டவரின் சிகிச்சைச் செலவு.

ஆகவே படிவத்தை நிரப்புகிறவர், “உங்களுக்கு ஏதும் வருத்தம் உண்டா?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நகரக் கூடாது. எடை ஊசி போடுகிறவர் தம்மை வருத்தக்காரராக நினைப்பதில்லை; உண்மையாகவே “இல்லை” என்றுதான் சொல்வார். படிவத்தில் உள்ள கேள்வியையே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பி, தனியாகப் பதில் தரச் சொல்லுங்கள். பகிர விரும்பாதவருக்கு இன்னொரு வழி இருக்கிறது: அவர் தம் பெயரில் தனிப் பொலிசி எடுத்துக்கொள்ளலாம்; சற்றுச் செலவு கூடினாலும், அவருடைய இரகசியமும் பாதுகாப்பும் இரண்டுமே நிலைக்கும்.

படி 6: வந்த ஆவணத்தைச் சரிபார்த்தலும், வாங்கியபின் வரும் மாற்றங்களும்

பணம் கட்டியதும் வரும் சான்றிதழில், நீங்கள் அறிவித்த நிலைகளின் பட்டியல் இருக்கும். அதில் ஒவ்வொன்றும் இருக்கிறதா, அதற்கு நேரே “பாதுகாப்பு உண்டு” என்று இருக்கிறதா, “விலக்கப்பட்டது” என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிரீமியத்தைக் குறைப்பதற்காக ஒரு நோயை விலக்கிவைக்கச் சில நிறுவனங்கள் வாய்ப்புத் தரும்; இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றை அப்படி விலக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. “நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புள்ள” எதற்கும் இழப்பீடு இல்லை என்ற வாசகம் அதனுடன் சேர்ந்தே வரும். மாரடைப்பும் பக்கவாதமும் அந்த வாசகத்துக்குள் எளிதில் அடங்கிவிடும். நிறுவனம் மறுத்தாலோ பிரீமியம் மிக அதிகமாக இருந்தாலோ, கடுமையான நோயுள்ளவர்களுக்குக் காப்புறுதி தரும் சிறப்பு நிறுவனங்களின் பட்டியலை மணிஹெல்ப்பர் என்ற அரசு சார்ந்த சேவை இலவசமாகத் தருகிறது. அதில் ஒருமுறை விசாரித்துவிட்டே முடிவெடுங்கள்.

வாங்கிய நாளுக்கும் புறப்படும் நாளுக்கும் இடையே நடப்பவற்றைத் தெரிவிக்க வேண்டுமா என்பது உங்கள் பொலிசியின் நிபந்தனையைப் பொறுத்தது. உடல்நிலை மாற்றத்தைச் சொல்ல வேண்டும் என்று பல பொலிசிகள் கோருகின்றன. காப்புறுதி எடுத்தபின் புதிதாக ஊசியைத் தொடங்குவது, அளவு ஏறுவது, பக்கவிளைவுக்காக மருத்துவமனைக்குப் போவது, புதிய பரிசோதனைக்கு அனுப்பப்படுவது ஆகியவை அத்தகைய மாற்றங்கள். ஆண்டு முழுவதற்கும் எடுத்த பொலிசி தானாகப் புதுப்பிக்கப்படும்போது, “சென்ற ஆண்டு தந்த விவரங்கள் இன்றும் சரியா?” என்று ஒரு கடிதம் வரும், அதைக் கிடப்பில் போட்டு, மாறிவிட்ட விவரத்தைத் திருத்தாமல் விட்டால், அதுவும் தவறான பதிலாகக் கருதப்படலாம் என்று 2012-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

இந்தியாவில் மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் விற்பனைக்கு வந்தபின், ஊருக்குப் போகும்போது அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சை பெறுவதற்காகவே மேற்கொள்ளும் பயணத்தைப் பெரும்பாலான பயணக் காப்புறுதிகள் ஏற்பதில்லை என்பதையும், பயணத்தின் நடுவே புதிதாகத் தொடங்கும் மருந்து நீங்கள் அறிவித்த நிலையை மாற்றிவிடும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள்.

படி 7: இழப்பீடு கோர வேண்டி வந்தால்

இந்த ஊசிகளின் அறியப்பட்ட பக்கவிளைவுகளில் வாந்தி, வயிற்றுப்போக்கு, அவற்றால் வரும் நீரிழப்பு ஆகியவை உண்டு. பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் உண்டு. விரைவாக எடை குறைவதேகூடப் பித்தப்பைக் கல்லுக்கு வழிவகுக்கும். அப்படி ஒருவர் கொழும்பில் கடும் வயிற்றுவலியுடன் மருத்துவமனைக்குப் போகிறார் என்றால், முடிந்தவரை அனுமதிக்கப்படுமுன்பே காப்புறுதியின் அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். மருத்துவரிடம் ஊசியைப் பற்றிச் சொல்வதில் எந்தத் தயக்கமும் கூடாது: இந்த மருந்துகள் வயிற்றில் உணவு தங்கும் நேரத்தை நீட்டுவதால், மயக்கமருந்து கொடுக்கும்போது வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏ 2025 ஜனவரியில் மருத்துவர்களை எச்சரித்திருக்கிறது. காப்புறுதிக்குத் தெரிந்துவிடுமே என்று அங்கே மறைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மறைத்தாலும் மறையாது. மருத்துவமனைக் குறிப்புகள் காப்புறுதியின் உதவி நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் உங்கள் சம்மதத்துடன் ஜீபியின் பதிவையும் கேட்பார்கள். ஒன்லைன் மருந்தகங்கள் வாடிக்கையாளரின் எடையைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்பது உட்பட, மருந்தாளுநர் ஒழுங்குமுறை மன்றம் 2025 பெப்ரவரியில் விதிகளை இறுக்கியது. உங்கள் ஜீபிக்கு அவை தகவல் அனுப்புவதும் இப்போது வழக்கம். ஜீபிக்குத் தெரியாது என்று நினைத்திருக்கும் பலரின் பதிவில் அந்தக் கடிதம் ஏற்கெனவே இருக்கக்கூடும்.

அறிவிக்காமல் விட்டது தெரியவந்தால் என்ன நடக்கும்? சரியான விவரம் தெரிந்திருந்தால் தாங்கள் அந்தப் பொலிசியைத் தந்தே இருக்க மாட்டோம், அல்லது வேறு நிபந்தனையில்தான் தந்திருப்போம் என்று முதலில் நிறுவனம் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது மறுக்க முடியாது. காட்டினால், தவறு எத்தகையது என்பது அடுத்த கேள்வி. தெரிந்தே பொய் சொன்னதாகவோ, உண்மையா பொய்யா என்று பொருட்படுத்தாமல் சொன்னதாகவோ நிறுவனம் நிரூபித்தால், பொலிசியையே இரத்துச் செய்து எல்லாக் கோரிக்கைகளையும் மறுக்கலாம். கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயமும் பொதுவாக இல்லை. கவனக்குறைவு என்றால், எந்த நிபந்தனையிலும் காப்புறுதி தந்திருக்க மாட்டார்கள் எனில் கோரிக்கையை மறுத்துப் பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும். கூடுதல் பிரீமியம் மட்டுமே வாங்கியிருப்பார்கள் எனில் இழப்பீடு விகிதப்படி குறையும். நீங்கள் கட்டியது 80 பவுண், சரியான விவரத்துக்கு வாங்கியிருக்கக்கூடியது 120 பவுண் என்றால், 9,000 பவுண் மருத்துவச் செலவில் மூன்றில் இரண்டு பங்கான 6,000 பவுண் கிடைக்கும். மீதி 3,000 உங்கள் பொறுப்பு. மிச்சம் பிடித்த 40 பவுணுக்கு அதுதான் விலை.

மறுப்புக் கடிதம் வந்தால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். நீங்கள் வாங்கியபோது திரையில் வந்த கேள்விகளின் சரியான வாசகத்தையும், உங்கள் பதில்களையும், சரியான பதிலுக்குத் தாங்கள் எடுத்திருக்கக்கூடிய முடிவுக்கான சான்றையும் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கேள்வி மங்கலாக இருந்தது என்பது உங்கள் பக்கத்துக்கு வலுவான வாதம். பிறகு நிறுவனத்திடமே முறைப்படி புகார் செய்யுங்கள். இறுதிப் பதில் தர அவர்களுக்கு 8 வாரம் உண்டு. பதில் திருப்தி தராவிட்டாலோ, 8 வாரம் கடந்தும் வராவிட்டாலோ, நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இறுதிப் பதில் கிடைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அதைச் செய்ய வேண்டும். முறையீட்டை எழுதும்போது மருந்துச் சீட்டின் நகல், மருந்தகத்துடன் நடந்த மின்னஞ்சல்கள், நீங்கள் நிறுவனத்துக்கு அழைத்த நாளும் குறிப்பு எண்ணும், முதற்படியில் எழுதிய அந்தத் தாள் ஆகியவற்றை இணையுங்கள்; நியாயமான அக்கறை எடுத்தீர்கள் என்பதற்கு அவையே சான்று.